இருவாச்சிக்கு ஜோடி சேர்த்த கதை

அந்தப் பைய மேல வெக்காதீங்க தம்பி, மடியில வெச்சுக்கங்க. ஆழியாறு தாண்டுனா வளைவா வரும். நம்ம டிரைவரு ஒடிக்கற ஒடியில மேல வெச்ச சாமானெல்லாம் யாரு தலையிலயாச்சும் எறங்கீரும். போன வாரம் ஒரு பலாப்பழம் கண்டக்டர் மேல எறங்குச்சுங்க. பழத்துக்கு ஒண்ணும் ஆகல.

கேமராதானுங்களே? பையோட நீட்டத்தப் பாத்தாலே தெரியுமுங்க. நானும் அந்தத் தொழில்தான். வால்பாறையில மயூரா ஸ்டுடியோன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. சென்னியப்பன்னு எம் பேரு. கண்ணாலம், காதுகுத்து, தெரட்டி, வளைகாப்பு, பாஸ்போர்ட் சைஸு, எல்லாம் நம்மகிட்டத்தான். நீங்க காட்டுல மிருகம் பறவை எடுக்க வர்றீங்களாக்கு. எடுங்க, எடுங்க. நானும் ஒரு காலத்துல எடுத்தவன்தான். ஒரு காலம்னா போன வருசம்.

அப்ப உங்ககிட்ட முன்கூட்டியே ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. மேல செக்போஸ்ட்டுல பெரிய போர்டு ஒண்ணு வெச்சிருக்காங்க. இருவாச்சிப் பறவை படம். கீழ கொட்டை எழுத்துல "படம்: சென்னியப்பன், மயூரா ஸ்டுடியோ"ன்னு போட்டிருக்கும். அதப் பாத்துட்டு என்ற தொழில எட போட்டுறாதீங்க. படம் கோணலா இருக்கும். பறவைக்கு வாலு இருக்காது. குறுக்க ஒரு எலை வந்து பச்சையா மங்கி நிக்கும். நடுவுல மரத்து மேல எச்சம் வழிஞ்சு கெடக்கும். எச்சத்துக்குக் கீழதான் எம் பேரு. நான் எடுத்ததுலயே மோசமான படம் அதுதானுங்க, ஜில்லா பூரா அதுதான் சுத்துது. எத்தன தரம் எழுதிக் குடுத்துப் பாத்துட்டன், எடுக்க மாட்டங்கறாங்க.

இல்லீங்க, நான்தான் எடுத்தன். எடுத்தது நான்தான். ஆனா அது படமே இல்லீங்க, படத்துக்கு முன்னாடி இருக்கறது. சமைக்கறதுக்கு முன்னாடி காய்கறி இருக்குமில்லீங்க, அந்த மாதிரி.

முழுசாச் சொல்றன் கேளுங்க. போறதுக்கு நேரம் கெடக்குது.

பெனசீருன்னு ஒரு புள்ள. திருச்சிப் பக்கத்துப் புள்ள, இங்க வந்து ரூம் எடுத்துத் தங்கிக்கிட்டு காட்டுப் பறவையப் பத்தி ஆராய்ச்சி பண்ணுது. எப்பப் பாத்தாலும் முட்டி வரைக்கும் சாக்ஸு, அட்டை ஏறாம இருக்க அது மேல பொகையிலத் தூளு. கடைக்குள்ள வந்துச்சுன்னா என்ற ஊட்டுக்காரி ருக்குமணிக்குத் தும்மல் வந்துரும். மொத மொத என்கிட்ட வந்தது பாஸ்போர்ட் போட்டோவுக்கு. நல்லா எடுத்து, கொஞ்சம் செவப்பாக்கி, கன்னத்துல இருந்த வெட்டுத் தழும்ப எடுத்து, புருவத்தத் திருத்திக் குடுத்தன். மறுநாளே திருப்பிக் கொண்டாந்துருச்சு. "அண்ணா, இதக் காமிச்சா என்னையக் காட்டுக்குள்ள விட மாட்டங்கறாங்க. யாரு இதுங்கறாங்க"ன்னுச்சு. ஊருல எந்தப் புள்ளயாச்சும் இப்படிக் கொற சொல்லிப் பாத்திருக்கீங்களா? அப்பவே நான் சுதாரிச்சிருக்கோணும், இதுக்கும் நமக்கும் ஒத்து வராதுன்னு.

அந்தப் புள்ள போன வருசம் மாசி மாசம் திரும்ப வந்துச்சு. மூஞ்சி வாடிப் போயிருந்துச்சு. "அண்ணா, உங்ககிட்ட நீட்ட லென்ஸு இருக்குதாமே"ன்னு கேட்டுச்சு.

இருக்குதுங்க. தேர் நோம்பிக்கு வாங்குனது. கூட்டத்துக்குள்ள போகாம தூரத்துல மாடியில நின்னு சாமி மொகத்த எடுக்கலாமில்ல. அந்தப் புள்ளையோட கேமரா மழையில நனைஞ்சு லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சுப் போச்சாம்.

விசயம் என்னன்னா, பூவரசமலை எஸ்டேட்டுல தொழிலாளிங்க இருக்கற லைன் வீடுகளுக்கு மேல ஒரு அயினி மரம். நாலு பேரு கை கோத்தாலும் கட்ட முடியாத மரம். அதுல ஒரு கிளை முறிஞ்சு மாட்டுக் கொட்டாய் மேல விழுந்துருச்சு. மாட்டுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா சனங்க பயந்துட்டாங்க. எஸ்டேட்டுக்காரங்க மரத்தையே வெட்டறதுக்கு மனுப் போட்டுட்டாங்க. அந்த மரத்துப் பொந்துலதான் இருவாச்சி கூடு வெச்சிருக்குது.

இருவாச்சி எப்படிக் கூடு வெக்கும்னு தெரியுமில்லீங்க உங்களுக்கு? எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். பொட்டை பொந்துக்குள்ள போயி உக்காந்துக்குமாம். தன்ற எச்சத்தையும் மண்ணையும் கொழச்சு வாசல அதுவே பூசிக்குமாம். ஒரு கீறல் மட்டும் விட்டு வெச்சுக்கும். மாசக்கணக்குல வெளிய வராது. ஆம்பள வெளிய சுத்திப் பழம் பொறுக்கியாந்து அந்தக் கீறல் வழியா ஊட்டும். ஆம்பள வரலீன்னா உள்ள தாயும் குஞ்சும் பட்டினிதான். மரத்த வெட்டுனா அந்தக் கேள்விகூட இல்ல.

"திங்கக்கெழம கமிட்டி வருதுங்ணா. நான் வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. பொட்டை உள்ள இருக்கறது தெரியற மாதிரி ஒரே ஒரு படம் வேணும். அது இருந்தா மரத்தத் தொட மாட்டாங்க"ன்னுச்சு. கண்ணுல தண்ணி நிக்குது அந்தப் புள்ளைக்கு. எனக்கு மனசு கேக்கல. "அம்மிணி, நீ கவலப்படாத. அந்தப் பறவைக்கு இதுவரைக்கும் யாரும் எடுக்காத படமா எடுத்துத் தர்றன்"னு சொன்னன். சொன்ன வார்த்தயக் காப்பாத்தீட்டன், அது வேற விசயம்.

எனக்குக் காட்டுப் படம் ஒண்ணும் புதுசு இல்லீங்க. கோயமுத்தூர்ல ஒரு நாள் வகுப்பு போயிருக்கறன். பூரா நோட்ஸ் எடுத்தன். மிருகத்த நட்ட நடுவுல நிறுத்தக் கூடாது, படத்த மூணா வகுந்து ஓரத்துல நிறுத்தோணும். அது எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் எடம் விடோணும், இல்லீன்னா செவுத்துல முட்டிக்கிட்டு நிக்கற மாதிரி இருக்கும். பின்னாடி குப்பை கூளம் இருக்கக் கூடாது. கண்ணு பளிச்சுன்னு இருக்கோணும். அந்த வாத்தியாரு கடைசியா இன்னொண்ணும் சொன்னாரு, என்னமோ "ஆனா"ன்னு ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள டீ வந்துருச்சுங்க.

போனன். தேயிலைச் செடிக்குள்ள கேமராவுக்கு முக்காலி போட்டு உக்காந்தன். பக்கத்துல பெனசீர். பேசக் கூடாது, அசையக் கூடாது, வெத்தலை போடக் கூடாதுங்குது. அட்டை ஏறறது தெரியுது, தட்டக் கூடாதுங்குது. கண்ணால ஊட்டுல "கொஞ்சம் இப்படிப் பாருங்க, சிரிங்க"ன்னு நாம சொன்னா அவங்க கேப்பாங்க. இங்க நாம கேக்கோணும்.

அப்பறம் வந்துச்சுங்க. மொதல்ல சத்தந்தான். பஸ்ஸு நிக்கறப்ப பிரேக்குல காத்து விடுமில்லீங்க, அந்த மாதிரி. ரெக்கைச் சத்தம் அது. அவ்வளவு பெரிய பறவைன்னு நான் நெனைக்கல. கருப்பும் வெள்ளையும் மஞ்சளும். அலகு மேல கொண்டை. வந்து மரத்தப் புடிச்சு ஒக்காந்து, தொண்டையில இருந்து ஒரு அத்திப்பழத்த அலகு நுனிக்குக் கொண்டாந்துச்சு. மரத்துல ஒரு கீறல். அதுக்குள்ள இருந்து இன்னொரு அலகு நுனி மெல்ல வெளிய வந்துச்சுங்க.

பொண்ணு மாப்ளைக்குப் பாலும் பழமும் குடுக்கறத ஆயிரம் எடுத்திருக்கறன். கேமராவுக்கு வேண்டி மூணு தரம், நாலு தரம் ஊட்டச் சொல்லுவன். நாலாவது தரம் மாப்ளை பல்லக் கடிப்பாப்ல. இது யாருக்கோசரமும் இல்ல. ஒரே தரந்தான், பழம் உள்ள போச்சு, அடுத்த பழம் வந்துச்சு. அமுத்தீட்டே இருந்தன். பெனசீரு என்ற தோளப் புடிச்சு நசுக்குது. "கெடச்சிருச்சாங்ணா, கெடச்சிருச்சாங்ணா"ன்னு. ஒரு படத்துல ரெண்டு அலகும், நடுவுல பழமும், சுத்தமா விழுந்திருந்துச்சு.

சுத்தமான்னா, அந்த எடம் மட்டும். மத்தபடி படம் கண்றாவி. அவசரத்துல வாலு வெட்டுப்பட்டுருச்சு. முக்காலி சாஞ்சு மரம் கோணீருச்சு. அதக் கொண்டுபோயி அப்படியே அதிகாரிங்க கையில குடுக்கறதுக்கு நான் என்ன செல்போன்ல படம் புடிக்கறவனா?

"அண்ணா, இன்னிக்கே பிரிண்டு போட்டுருங்க"ன்னுச்சு புள்ள. "அம்மிணி, நீ போயித் தூங்கு. திங்கக்கெழம காத்தால பிரேமோட வர்றன்"னு அனுப்பீட்டன்.

எடிட்டிங்குல நம்மள மிஞ்ச இந்த மலையில ஆள் இல்லீங்க, பெருமைக்குச் சொல்லல. ஒரு ஊட்டுல குரூப் போட்டோ எடுத்தாங்க, கண்ணாலம் முடிஞ்சு சம்மந்தி சண்டை. மாப்ளையோட அத்தையப் படத்துல இருந்து எடுக்கச் சொன்னாங்க. எடுத்தன். எடுத்த எடத்துல ஒரு பூந்தொட்டி வெச்சன். அப்பறம் ராசியாயிட்டாங்க, அத்தைய வெக்கச் சொன்னாங்க. வெச்சன். அத்தைக்கு அந்தப் பூந்தொட்டி புடிச்சுப் போயி அதுவும் இருக்கட்டும்னுட்டாங்க. இதுக்குத்தான் நான் ஒரிஜினல அழிக்கவே மாட்டன். யாருக்கும் குடுக்கவும் மாட்டன். கண்ணால ஊட்டுக்காரங்க எத்தன பேரு கெஞ்சியிருக்காங்க, குடுத்ததில்ல. பவுடர் போடறதுக்கு முன்னாடி பொண்ணக் காட்டற மாதிரி அது. பொண்ணுக்கும் கேவலம், போட்டவனுக்கும் கேவலம்.

மொதல்ல எச்சம். பொந்துக்குக் கீழ மரத்துல வெள்ளையும் கருப்புமா ஒழுகிக் கெடந்துச்சு. அதிகாரிங்க பாக்கற படத்துல அதெல்லாம் இருக்கலாமுங்களா? பக்கத்துல இருந்த நல்ல பட்டைய எடுத்து மேல ஒட்டி மூடீட்டன். அப்பறம் அந்தக் கீறல். மரத்துல வெடிப்பு விட்ட மாதிரி அசிங்கமா இருந்துச்சு, அதையும் பூசீட்டன். பூசறப்ப அந்த உள் அலகு நுனி முள்ளு மாதிரி துருத்திக்கிட்டு நின்னுச்சு. அது எதுக்குன்னு எடுத்துட்டன்.

இருங்க தம்பி, ஏன் சிரிக்கறீங்க? இன்னும் இருக்குது.

அப்பறம் கண்ணு. பெருசாக்கிப் பாத்தா கண்ணு செக்கச் செவேல்னு இருந்துச்சு. பிளாஷ் அடிச்சா மனுசங்களுக்கே கண்ணு செவக்குமில்லீங்க, நாம தெனமும் திருத்தறதுதான். பிளாஷ் போடலீங்கறது எனக்கு அப்ப ஞாபகம் வரல. செவப்ப எடுத்து நல்லா வெள்ளையா வெச்சன். மொகத்துல ஒரு சாந்தம் வந்துருச்சு.

வாலு வேற ஒரு படத்துல இருந்துச்சு, அத எடுத்துக் கச்சிதமா ஒட்டீட்டன்.

அப்பறந்தான் வகுப்புல சொன்னது ஞாபகத்துக்கு வந்துச்சு. பறவை எந்தப் பக்கம் பாக்குதோ அந்தப் பக்கம் எடம் விடோணும். இது பாக்கற பக்கம் என்ன இருக்குது? மரம். மூக்குக்கு முன்னாடி இத்தாம்பெரிய மரம் நின்னா அது எங்கீங்க பாக்கும்? மரத்தக் கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கினன். ஒதுக்க ஒதுக்கப் படம் அழகாச்சு. கடைசீல மரத்தையே எடுத்துட்டு, மேகம் போட்டு, கால் வெக்கறதுக்கு ஒரு கிளை மட்டும் வெச்சன்.

அப்பவும் என்னமோ ஒரு கொற. ருக்குமணி டீ கொண்டாந்தவ எட்டிப் பாத்துட்டு, "ஏனுங்க, பாவம் ஒத்தையில நிக்குதுங்க"ன்னா. அதானுங்க விசயம். இருவது வருசமாக் கண்ணாலம் எடுக்கறவன், ஒத்தையில விடுவனா? அதையே எடுத்து, கொஞ்சம் சின்னதாக்கி, திருப்பிப் பக்கத்துல ஜோடியா வெச்சன். ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு. பின்னாடி மேகம். ருக்குமணி டம்ளர வெக்க மறந்து நின்னு பாத்தா. "கண்ணு பட்டுருமுங்க"ன்னா. பெரிய சைஸுல பிரிண்டு போட்டு, தங்கக் கலர் பிரேம் மாட்டீட்டன்.

திங்கக்கெழம எஸ்டேட் ஆபீஸுல கமிட்டி. நடுவுல அதிகாரி அம்மா, பக்கத்துல ரேஞ்சரு, இந்தப் பக்கம் எஸ்டேட் மேனேஜரு. பெனசீரு எந்திரிச்சு நின்னு இருவாச்சிக் கூட்டப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டு, "ஆதாரம் இருக்குதுங்க மேடம்"னு என்னையப் பாத்துச்சு. நான் பிரேம் மேல போட்டிருந்த பட்டுத்துணிய எடுத்தன்.

யாரும் பேசல. நான் நெனச்சன், அசந்து போயிட்டாங்கன்னு.

ரேஞ்சரு கண்ணாடிய மாட்டிக்கிட்டுக் கிட்ட வந்தாப்ல. "ஏங்க, இது எந்த ஊரு பறவைங்க? கொண்டையில கருப்புப் பட்டை இருக்குது, அப்ப ஆம்பள. கண்ணு வெள்ளையா இருக்குது, அப்ப பொட்டை. ரெண்டுமே இப்படி இருக்குது"ன்னாப்ல. ஆம்பளைக்குக் கண்ணு செவப்பாத்தான் இருக்குமாம் தம்பி. பொறப்புலயே. யாரு கண்டா?

மேனேஜரு மெதுவா எந்திரிச்சாப்ல. நல்ல மனுசன்தான், ஆனா வாயி. "மேடம், படத்துல மரத்தையே காணோம். நாங்க மனு குடுத்துட்டுக் காத்திருக்கோம், இவரு அதுக்குள்ள வெட்டீட்டாரு"ன்னாப்ல. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன், என்னன்னு புரியாம.

ஆனா அடுத்தது சொன்னாப்ல பாருங்க, அங்கதான் சிக்கல். "அந்தப் பொண்ணே சொல்லுது, கூடு வெச்சா பொட்டை இந்த மாசம் உள்ளதான் இருக்கும்னு. இவங்க கொண்டாந்த படத்துல ஜோடியா வெளிய உக்காந்து காத்து வாங்குது. அப்ப கூடு இல்லைன்னுதான மேடம் அர்த்தம்?"

அதிகாரி அம்மா பேனாவ எடுத்துட்டாங்க. "வேற ஆதாரம் இருக்குதா? சாப்பாட்டுக்கு அப்பறம் உத்தரவு எழுதிருவேன்"னாங்க.

பெனசீரு என்னைய வராண்டாவுக்கு இழுத்துட்டு வந்துச்சு. திட்டும்னு பாத்தன். திட்டலீங்க. "அண்ணா, ஒரிஜினல் இருக்குதா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

இருக்குது. கார்டு பைக்குள்ளதான் இருக்குது. "அம்மிணி, ஒரிஜினல் தர்ற பழக்கம் ஸ்டுடியோவுல இல்ல"ன்னு சொன்னன்.

"அண்ணா, உள்ள குஞ்சு இருக்குதுங்ணா."

"வாலு இல்லாத படத்த எப்படியம்மிணி நாலு பேரு முன்னாடி காட்டுவன்? எம் பேரு இருக்குதில்ல?"

அது படியில உக்காந்து மொகத்த மூடிக்கிச்சு. எனக்கும் கோவம். ரெண்டு நாளு குனிஞ்சு உக்காந்து செஞ்ச வேலை, ஒருத்தரும் நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லல. அந்த நேரம் பாத்து மேனேஜரு வந்து தோள்ல கை போட்டாப்ல. "சென்னியப்பன், சாட்சிக்கு ஆகாது, ஆனா அழகா இருக்குதுங்க. நம்ம கெஸ்ட் பங்களா ஹாலுக்கு எடுத்துக்கறன்"னாப்ல. பாருங்க, ரசிக்கறவன் எங்க இருக்கறான்னு. எனக்கு மனசு குளுந்து போச்சு. எடுத்துக்கட்டும்னு பிரேமத் தூக்கினன்.

தூக்கறப்பத்தான் பாத்தன். அந்தப் பறவை அலகு நுனியில அத்திப்பழம் அப்படியே இருக்குது. அத மட்டும் நான் எடுக்கல, கலரு நல்லா இருந்துச்சுன்னு விட்டுட்டன். இந்தப் பக்கம் வெச்ச ஜோடியும் அதோட நகல்தான, அது வாயிலயும் பழம். பந்தியில பரிமாறறவங்க ரெண்டு பேரு கரண்டியோட நிக்கறாங்க, எலையில உக்காந்தவங்க யாருமில்ல. பழத்த வெச்சுக்கிட்டு யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியாம நிக்குது அந்தப் பறவை. அதுக்கு எதுத்தாப்ல இருந்தவள நானே கையால பூசி எடுத்திருக்கறன்.

பொய் எதுக்கு, அழுகையே வந்துருச்சு. மேனேஜரு "என்னாச்சுங்க"ன்னாப்ல. "தூசி"ன்னு சொன்னன்.

பைக்குள்ள கை விட்டுக் கார்ட எடுத்துப் பெனசீரு கையில குடுத்தன். "நான் வெளிய நிக்கறன் அம்மிணி, நீயே போட்டுக் காட்டிக்க"ன்னன். "நீங்கதான எடுத்தீங்க, நீங்க வாங்க"ன்னு கையப் புடிச்சு உள்ள கூட்டீட்டுப் போயிருச்சு.

ஹாலுல பெரிய டிவி. அதுல போட்டாங்க. கோணல் மரம். மங்குன எலை. ஓரத்துல வாலறுந்த பறவை. எச்சம் வேற டிவி சைஸுக்கு ஒழுகுது. பந்தல் நடுவுல வேட்டி அவுந்து நிக்கற மாதிரி நின்னன். செவுத்தப் பாத்துக்கிட்டே, "மன்னிச்சுக்கங்க மேடம், அவசரத்துல எடுத்தது, டைம் குடுத்தா சரி பண்ணீருவன்"னு சொன்னன்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்"னாங்க அந்த அம்மா. எந்திரிச்சே வந்துட்டாங்க டிவிகிட்ட. ரேஞ்சரு எச்சத்தத் தொட்டுக் காட்டி, "இதான் மேடம் மொத அடையாளம், கூட்டுக்குக் கீழதான் இப்படி ஒழுகும்"னாப்ல. நான் மொத வேலையா தொடச்சது அதத்தான். பெனசீரு கீறலப் பெருசாக்குச்சு. உள்ள இருந்து அலகு நுனி. எதுத்தாப்ல பழம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வெரக்கட எடம்.

அந்த அம்மா ரொம்ப நேரம் பாத்தாங்க. மேனேஜருகூடக் கிட்ட வந்து பாத்தாப்ல. அவருக்கும் ஊட்டுல புள்ளத்தாச்சி மருமவ இருக்கறா. "மரத்துல கை வெக்கக் கூடாது. லைன் வீட்டுப் பக்கம் சாஞ்ச கிளைய மட்டும், குஞ்சு வெளிய வந்ததுக்கு அப்பறம் கழிச்சுக்கங்க"ன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதுவரைக்கும் அந்த மாட்டுக் கொட்டாய வேற பக்கம் மாத்தறது எஸ்டேட் பொறுப்புன்னும் எழுதுனாங்க.

பெனசீரு வெளிய வந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு, சிரிச்சுச்சு. நல்ல முடிவுதான். நான் இல்லைங்கல. ஆனா அப்பறம் என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? ஒரு வார்த்த கேக்காம அந்தப் படத்தப் பேப்பருக்குக் குடுத்துருச்சு. பேப்பர்ல பாத்து போர்டுக்கு எடுத்துட்டாங்க. போர்டப் பாத்து பள்ளிக்கூடத்து நோட்டீஸுக்கு. எல்லாத்துலயும் என்ற பேரு. கையெழுத்துப் போடாத பத்திரத்துக்குச் செயிலுக்குப் போன மாதிரி இருக்குது. நான் சரி பண்ணுன படம் கெஸ்ட் பங்களாவுல தொங்குது, பத்துப் பேருகூடப் பாக்கறதில்ல. தேனிலவுக்கு வர்றவங்க அது முன்னாடி நின்னு செல்பி எடுக்கறாங்களாம். அந்த மட்டும் சந்தோசம்.

போன மாசம் ஒரு கண்ணாலப் பொண்ணு கடைக்கு வந்து, "அண்ணா, அந்த போர்டுல இருக்கற மாதிரி எடுத்துத் தாங்க, எதையும் அழிக்க வேண்டாம்"ங்குது. மூஞ்சி பூரா பரு. எப்படீங்க விடறது? பாதிதான் எடுத்தன். மிச்சத்த விட்டுட்டன். தொழிலு போற போக்கச் சொல்றன்.

நான் மாறீட்டன்னு நெனச்சுறாதீங்க. எடிட்டிங் இல்லாம படம் இல்ல. வானம் வெளுத்துக் கெடந்தா கலரு குடுக்கோணும், ஓரத்துல குப்பை இருந்தா வெட்டோணும். நீங்களும் பண்ணுங்க. என்ன, எதுக்கு வேண்டி எடுத்தமோ அது படத்துல இருக்குதான்னு ஒரு தரம் பாத்துக்கங்க. அந்த வாத்தியாரு டீ வர்றப்ப "ஆனா"ன்னு ஆரம்பிச்சது இதத்தானோ என்னமோ.

அது கெடக்குது. இன்னொண்ணு காட்டறன், யாருகிட்டயும் காட்டுனதில்ல. ருக்குமணிகிட்டகூட இல்ல. காட்டுனா கேப்பா, என்ன இதுன்னு.

அந்தச் சித்திரை கடைசீல பெனசீரு போன் பண்ணுச்சு. "அண்ணா, பொட்டை வாசல் பூச்ச ஒடைக்குது, வெளிய வரப் போவுது, ஓடியாங்க"ன்னு. லென்ஸு எடுக்க நேரமில்ல, செல்போனோட ஓடுனன். அந்தப் பொட்டை உள்ள இருந்து கொத்துது, மண்ணு பொல பொலன்னு விழுகுது. தலைய நீட்டுச்சு. ஒடம்ப நெளிச்சு, திக்கித் திணறி, வெளிய வந்து கிளையில உக்காந்துச்சு. மேலெல்லாம் அழுக்கு. ரெக்கை மடிஞ்சு கசங்கிக் கெடக்குது. பறக்கறது எப்படின்னு மறந்து போச்சோ என்னமோ, அப்படியே முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. ஆம்பள வந்துச்சு. அவ இப்ப வெளிய இருக்கறா, அவளே போயிப் பறிச்சுக்கலாம். இருந்தாலும் பழத்த எடுத்து அவ வாயிலதான் குடுத்துச்சு.

மூணா வகுக்கறது, எடம் விடறது ஒண்ணும் எனக்கு ஞாபகத்துல இல்லீங்க. அமுத்துனன். போனு ஆடீருச்சு.

இந்தாங்க, பாருங்க. ஒண்ணும் தெரியல இல்லீங்க? கருப்பா ஒண்ணு, மஞ்சளா ஒண்ணு. பெனசீரே சொல்லுச்சு, "இது மங்கிப் போச்சுங்ணா, அழிச்சுருங்க, என்கிட்ட நல்ல படம் இருக்குது"ன்னு. அது எடுத்தது நல்லாத்தான் இருக்குது, ரெக்கை ரெக்கையாத் தெரியுது. இது அப்படி இல்லதான்.

என்ன பண்றீங்க தம்பி? அந்தப் பட்டன அமுத்துனாத் தெளிவாகீருமுங்களா? எனக்குத் தெரியுமுங்க, இருவது வருசத் தொழிலு. குடுங்க இப்படி.

என்ற கண்ணுல தண்ணி நின்னுச்சுங்க அப்ப. எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு.